சண்டை போடும் அணுவுக்கும் சோறு வேண்டும்: மும்பை வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, நோய் எதிர்ப்பு சக்தி என்பது தனியாக ஒரு டப்பாவில் இருக்கும் பொருள் இல்லை, ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணு எதைச் சாப்பிடுகிறது, அதை எப்படி எரிக்கிறது என்பதில்தான் அதில் பாதி அடங்கியிருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு செம்பூர், தாராவி, வாஷி, டோம்பிவிலி என்று நாலா பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. பரேல் பக்கம் 30 வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான், இந்த விஷயம் மனதுக்கு நெருக்கமானது, அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இது ஒன்றுதான். பலரும் வீட்டு விஷயத்தை மனம் திறந்து எழுதியிருப்பதால் பெயர்களைப் போடவில்லை.

கேள்வி (செம்பூர் வாசகி): என் பையனுக்கு 9 வயது. மழைக்காலம் வந்தால் மாசம் ஒரு தடவை சளி, காய்ச்சல். பக்கத்து ஃபிளாட்டில் சொன்னார்கள் என்று எதிர்ப்பு சக்தியை ஏற்றும் பவுடர் வாங்கிக் கொடுத்தேன், டப்பா 900 ரூபாய். மூன்று டப்பா முடிந்தது. தொடரலாமா?

நிறுத்திவிடுங்கள் அம்மா. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வருஷத்தில் ஐந்தாறு தடவை சளி பிடிப்பது சகஜம், எடை ஏறிக்கொண்டு ஓடியாடி விளையாடிக்கொண்டு இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. நிமோனியா திரும்பத் திரும்ப வருகிறது, காதில் சீழ் நிற்கவே மாட்டேன் என்கிறது, எடை இறங்குகிறது என்றால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். அந்த 900 ரூபாய்க்கு முட்டை, நிலக்கடலை, பாசிப்பயறு, கொய்யா என்று வாங்கிப் போடுங்கள்.

“ஏற்றுவது” என்ற சொல்லே எனக்கு நெருடுகிறது. எதிர்ப்பு சக்தி ஏற வேண்டிய நேரத்தில் ஏறி, வேலை முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். இறங்காமல் நின்றால் அதுதான் தீராத அழற்சி. முடக்குவாதமும் சோரியாசிஸும் அப்படி இறங்க மறுத்த எதிர்ப்பு சக்தியின் வேலைதான். இந்த ஏற்ற இறக்கத்தை நடத்துவதில் எரிபொருளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் டி செல் என்ற ஒரு வெள்ளை அணு, கொஞ்சம் குளுக்கோஸ், கொஞ்சம் கொழுப்பு என்று எடுத்து, செல்லுக்குள் அடுப்பு மாதிரி இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் நிதானமாக எரித்துக் காலம் தள்ளும். கிருமியைக் கண்டுவிட்டால் அதன் பழக்கமே மாறிவிடும். குளுக்கோஸை வாரி வாரி உள்ளே இழுத்து, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே அதைப் பாதியில் உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளும். ஒரு குளுக்கோஸை முழுசாக எரித்தால் செல் செலவழிக்கும் சக்திக் காசான ஏடிபி சுமார் 30 கிடைக்கும், பாதியில் விட்டால் வெறும் 2. பார்க்க வீண் செலவு மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஒரு செல் ஒரு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கில் பெருக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் புதுச் சவ்வு, புதுப் புரதம், புது டிஎன்ஏ கட்ட வேண்டும், அதற்கான கச்சாப் பொருளில் பெரும்பகுதி அந்தப் பாதி உடைந்த சர்க்கரையிலிருந்து பிரிந்து போகிறது. அவசரத்துக்கு வேகமும் கிடைக்கிறது. 1920களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் இதே பழக்கத்தைப் புற்றுநோய்ச் செல்லில் கண்டார், வெகுகாலம் அதைப் புற்றுநோயின் குணம் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாகப் பெருக வேண்டிய நல்ல செல்லும் அதைத்தான் செய்கிறது.

சண்டை முடிந்ததும் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை செத்துப்போகும். மிச்சம் நிற்பவை நினைவுச் செல்கள், அவை மறுபடி கொழுப்பை நிதானமாக எரிக்கும் பழைய பழக்கத்துக்குத் திரும்பி வருஷக்கணக்கில் காத்திருக்கும். உங்கள் பையனுக்கு இந்த மழையில் பிடித்த ஒவ்வொரு சளியும் அப்படிச் சில காவல்காரர்களை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது நேரத்துக்குச் சாப்பாடும் நல்ல தூக்கமும்தான்.

கேள்வி (தாராவி 90 அடி சாலையிலிருந்து ஒரு வாசகர்): இட்லி வியாபாரம் செய்கிறோம். தம்பிக்கு 29 வயது, டிபி என்று மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். அதே ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் இருக்கிறது என்கிறார்கள். ஒருவர் நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார், இன்னொருவர் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்கிறார். ஏற்கெனவே தம்பி எலும்பும் தோலுமாக இருக்கிறான். வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில்தான் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, இரண்டும் அரைகுறை. தம்பி சாப்பாட்டின் அளவைக் குறைக்கவே கூடாது. தட்டில் அரிசியின் பங்கைக் கொஞ்சம் குறைத்து பருப்பு, முட்டை, மீன், கடலை, பால் இவற்றின் பங்கைக் கூட்ட வேண்டும், சர்க்கரையை மருந்தால் அடக்க வேண்டும், டிபி மாத்திரையை ஒரு நாள் கூட விடக்கூடாது. நாலு இட்லியும் சட்னியும் என்பதை மூன்று இட்லி, கெட்டியான சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எரிபொருள் கதை முழுசாகத் தெரியும். டிபி கிருமி தங்குவது மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுவின் வயிற்றுக்குள்ளேயே. தன்னைக் கொல்ல வந்தவன் வீட்டிலேயே குடியேறி, அவனுடைய கொழுப்பையே தின்று வாழும் கிருமி அது. அந்த அணு கொதித்து எழுந்து குளுக்கோஸை வேகமாக உடைக்க ஆரம்பித்தால்தான் கிருமியை அடக்க முடியும், அதற்கு டி செல் வந்து தூண்ட வேண்டும். சர்க்கரை நோயில் ரத்தம் முழுக்கக் குளுக்கோஸ் இருந்தும் இந்த வேலை தடுமாறுகிறது. சர்க்கரை நோய் உள்ள எலிகளை வைத்துப் பார்த்ததில், நுரையீரலில் கிருமி புகுந்த செய்தி, டி செல்கள் காத்திருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேரவே தாமதமாகிறது, அதற்குள் கிருமி பல மடங்கு பெருகிவிடுகிறது. சர்க்கரை உள்ளவருக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய 3 மடங்கு என்பது பல நாடுகளில் பார்த்து உறுதியான கணக்கு. இன்னொரு பக்கம், டிபியே சர்க்கரையை ஏற்றிவிடும், உடம்பு போர்க்காலத்தில் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் குளுக்கோஸை ரத்தத்தில் மிதக்கவிடும். தம்பிக்கு மாத்திரை முடியும்போது சர்க்கரை இறங்கினாலும் இறங்கலாம், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருங்கள். ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதையும் டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

சர்க்கரை ஏறினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் நாங்கள் பார்த்தோம். 2021 மே மாதம் என் சித்தப்பாவுக்குக் கோவிட் வந்தது, சர்க்கரையை ஒரு தடவை கூடப் பார்க்காமல், அதை ஏற்றிவிடும் ஸ்டீராய்டை வீட்டிலேயே கொடுத்தார்கள், கருப்புப் பூஞ்சை வந்து வலது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷம் ஜூன் மாதக் கடைசிக்குள் நாட்டில் 40,000 பேருக்கும் மேல் அந்தக் கருப்புப் பூஞ்சை வந்தது. அந்தப் பூஞ்சை எங்கும் இருப்பது, நம் மூக்குக்குள் தினமும் போய்வருவது, நல்ல உடம்பில் வெள்ளை அணுக்கள் சத்தமில்லாமல் முடித்துவிடும். சர்க்கரை எகிறி ரத்தம் அமிலமாகும்போது அந்த அணுக்கள் தள்ளாடுகின்றன, ரத்தத்தில் கட்டி வைத்திருந்த இரும்பு கழன்று பூஞ்சைக்கு உரமாகிறது.

இப்போது பசியின் பக்கம். உடம்பில் கொழுப்பு குறைந்தால் கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் குறையும், லெப்டின் குறைந்தால் டி செல்கள் ஊக்கம் இழக்கும். வீட்டில் அரிசி இல்லை, படையைக் கலைத்துவிடு என்று உடம்பே உத்தரவு போடுகிற மாதிரி. உலகத்தில் டிபி வரும் நாலு பேரில் ஏறக்குறைய ஒருவர் இந்தியர் என்பதற்கு நெருக்கடியான அறைகளும் காரணம், காலி வயிறும் காரணம். ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. 2,800 டிபி நோயாளிகள், அவர்கள் வீடுகளில் சுமார் 10,000 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் உணவுப் பை கொடுத்தார்கள், பாதி வீடுகளில் குடும்பத்தாருக்கும் அரிசி, பருப்பு, விட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். குடும்பத்துக்கும் கொடுத்த வீடுகளில் புதிதாக டிபி வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் அய்யா! அதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷமும் கோபமும் சேர்ந்து வந்தது, நூறு வருஷமாக மருந்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தோமே என்று.

அதனால் இந்த வாரமே இரண்டு காரியம் செய்யுங்கள். அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் டிபி மையத்துக்கு அழைத்துப் போய்ப் பரிசோதியுங்கள், நோய் இல்லை என்றால் வராமல் தடுக்கும் மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். நிக்‌ஷய் போஷண் என்ற அரசு உணவு உதவித் திட்டத்தில் தம்பியின் வங்கிக் கணக்கைப் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள், 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய், சிகிச்சை முடியும் வரை. முதல் இரண்டு மாதத்தில் தம்பியின் எடை ஏறுகிறதா என்று தாளில் எழுதி வையுங்கள், ஜார்க்கண்டில் எடை ஏறியவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள்.

கேள்வி (மாட்டுங்கா வாசகர், வயது 61): நான் ஒல்லி. எடை 62 கிலோ, சுத்த சைவம், சிகரெட் கிடையாது. ஆனால் முழு உடல் பரிசோதனையில் ஹெச்எஸ் சிஆர்பி 4.1, மூன்று மாத சராசரி சர்க்கரை 6.2. குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இதெல்லாம் வரும்?

சார், முதலில் அந்த 4.1ஐப் பற்றி. அது 3க்கு மேல் இருந்தால் உடம்பில் அழற்சி ஓடுகிறது என்று அர்த்தம், ஆனால் பல் ஈறு வீங்கியிருந்தால், போன வாரம் சளி இருந்திருந்தால் கூட ஏறும். மூன்று வாரம் கழித்து, உடம்பு நன்றாக இருக்கும்போது இன்னொரு தடவை எடுங்கள். சர்க்கரை 6.2 என்பது எல்லைக்கோடு, 5.7இலிருந்து 6.4 வரை அந்தக் கணக்கு.

ஒல்லி என்கிறீர்கள். ஒரு டேப் எடுத்துத் தொப்புள் உயரத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் எடை எவ்வளவு என்பது பெரிய ஆறுதல் இல்லை. 2004இல் லான்செட் இதழில் வந்த ஒரு படத்தை நான் பலருக்கும் காட்டியிருக்கிறேன். புனே கேஇஎம் ஆஸ்பத்திரியின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு ஒரே 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கை கால் ஒல்லியாக, தசை குறைவாக, வயிற்றுக்குள் கொழுப்போடு இருப்பது நம்மில் பலருடைய உடல்வாகு.

வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. கொழுப்புச் செல் கொள்ளளவுக்கு மேல் உப்பினால் அதற்கு ஆக்சிஜன் போதாமல் போகும், சில செத்துப்போகும், செத்ததைத் தின்ன மேக்ரோஃபேஜ்கள் வந்து வளையம் கட்டி உட்காரும். உட்கார்ந்தவை டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைக் கக்கும். 1993இல் கோகான் ஹோட்டாமிஸ்லிகில் குழு குண்டு எலிகளின் கொழுப்பில் இதைக் கண்டபோதுதான், சர்க்கரை நோய்க்குள் எதிர்ப்பு சக்தி வேலை செய்கிறது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. டிஎன்எஃப் இன்சுலின் சொல்லும் செய்தியைப் பக்கத்துச் செல்களுக்குப் போகவிடாமல் தடுக்கும், சர்க்கரை ஏறும், ஏறிய சர்க்கரையும் கொழுப்பு அமிலமும் அந்த மேக்ரோஃபேஜுக்கே மறுபடி தூண்டுதலாகும். கிருமியே இல்லாத சண்டை. கிருமி இருந்தால் ஒரு நாள் முடியும், இது முடிய வழியில்லை.

நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது, இன்னொரு 13.6 கோடிப் பேர் உங்களைப் போல எல்லைக்கோட்டில். சுத்த சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள், காலையில் பொங்கல், மதியம் சாதம், சாயங்காலம் வடாபாவ், ராத்திரி தோசை என்றால் அதுவும் சுத்த சைவம்தான். பருப்பு, சுண்டல், பனீர், மோர் எங்கே வருகிறது என்று பாருங்கள். அதைவிட முக்கியம் உங்கள் தொடைத் தசை. சாப்பிட்ட பிறகு ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தசைதான், நடக்கும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலேயே எடுத்துக்கொள்ளும். ஃபைவ் கார்டன்ஸ் பக்கத்தில்தானே இருக்கிறது, மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்ததும் 15 நிமிஷம் நடங்கள், வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியாவது செய்யுங்கள். வேலை செய்யும் தசை தானும் சில புரதங்களை ரத்தத்தில் விடும், அவை டிஎன்எஃப்பைத் தணிக்கும்.

கேள்வி (வாஷி வாசகி): நான் ஏகாதசி விரதம் இருப்பவள். காய்ச்சல் வந்தால் லங்கணம் பரம ஔஷதம் என்று என் மாமியார் கஞ்சி கூடக் கொடுக்க மாட்டார். இதில் விஞ்ஞானம் இருக்கிறதா? என் கணவருக்குச் சர்க்கரை, அவரும் விரதம் இருக்கலாமா?

மாமியார் சொல்வதில் ஒரு பாதி இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஜிட்டோவ் குழு 2016இல் ஒரு சோதனை செய்தது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்றிய எலிகள் தாமாகவே சாப்பாட்டை விட்டுவிடும், அவற்றுக்கு வலுக்கட்டாயமாகக் குளுக்கோஸ் ஊட்டினால் செத்துப்போயின. ஃப்ளூ வைரஸ் கொடுத்த எலிகளில் தலைகீழ், ஊட்டினால் பிழைப்பது கூடியது, குளுக்கோஸைத் தடுத்தால் செத்தன. கிருமியின் எண்ணிக்கை இரண்டு கூட்டத்திலும் பெரிதாக மாறவில்லை, சண்டையின் சூட்டை உடம்பு தாங்கியதா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். எலியின் கதையை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, காய்ச்சல் வந்தவுடன் இது பாக்டீரியாவா வைரஸா என்று நமக்குத் தெரியவும் தெரியாது. பசி இல்லாதபோது திணிக்காதீர்கள், பசித்தால் கஞ்சியை மறுக்காதீர்கள், தண்ணீரும் உப்பும் நிற்கவே கூடாது. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவருக்கும் லங்கணம் வேண்டாம்.

விரதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் கேலரி (CALERIE) என்ற ஆய்வில் குண்டாக இல்லாத 200க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு வருஷம் சாப்பாட்டைக் கால்வாசி குறைக்கச் சொன்னார்கள், அவர்களால் முடிந்தது அதில் பாதி. அந்தப் பாதிக்கே, நெஞ்சுக்குள் டி செல்களை வளர்க்கும் தைமஸ் சுரப்பியில் கொழுப்பு குறைந்து நல்ல திசு கூடியிருந்தது என்று 2022இல் விஷ்வ தீப் தீட்சித் குழு காட்டியது. வாலிபத்திலிருந்தே சுருங்கிக்கொண்டு போகும் சுரப்பி அது, திரும்பி வளரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மாதம் இரண்டு ஏகாதசியும் அதுவும் ஒன்றல்ல, ஆனால் ஏகாதசி அன்று ஜவ்வரிசி வடையும் உருளைக்கிழங்கும் எண்ணெயில் பொரித்து வயிறு முட்டச் சாப்பிடாமல் இருந்தால் உங்களுக்குக் கெடுதல் இல்லை.

கணவர் விஷயம் வேறு. அவர் இன்சுலின் போடுகிறாரா, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கிறாரா என்று எழுதவில்லை. எடுத்தால் விரதத்தில் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயங்கிவிடுவார். ஃப்ளோசின் என்று முடியும் மாத்திரை என்றால், பட்டினியிலும் காய்ச்சலிலும் ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்க வேண்டாம், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி (டோம்பிவிலி வாசகர், வயது 38): வயதாவதைத் தள்ளிப்போட மெட்ஃபார்மின், என்எம்என், ராபமைசின் எல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறது. எனக்கு நோய் எதுவும் இல்லை. ஆரம்பிக்கலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, இதற்குப் பின்னால் இருக்கும் விஞ்ஞானமும் பொய் இல்லை. வயதாக ஆக உடம்பில் மெல்லிய அழற்சி ஒன்று அணையாமல் கனன்றுகொண்டே இருக்கிறது என்று இத்தாலியின் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000இல் எழுதி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார். பிரிவதை நிறுத்திய முதிய செல்கள் சாகாமல் உட்கார்ந்து அழற்சிப் புரதங்களைக் கசியவிடும், மைட்டோகாண்ட்ரியா பழுதாகும், செல் எரிபொருளை எரிக்க உதவும் என்ஏடி என்ற மூலக்கூறு குறையும். ராபமைசின், செல்லுக்குச் சாப்பாடு இருக்கிறது, வளரலாம் என்று சொல்லும் எம்டார் என்ற புரதத்தை அடக்கும். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து 1964இல் எடுத்து வந்த நுண்ணுயிரில் அந்த மருந்தைக் கண்டெடுத்தவர் சுரேன் சேகல் என்ற இந்தியர். மனிதக் கணக்கில் 60 வயது என்று சொல்லத்தக்க எலிகளுக்கு அதைக் கொடுத்தால் கூட ஆயுள் நீள்கிறது என்று 2009இல் பார்த்தார்கள். ஆனால் மனிதர்களுக்கு அது சிறுநீரகம் மாற்றியவர்கள் எதிர்ப்பு சக்தியை அடக்கச் சாப்பிடும் மருந்து. தாராவிக் கடிதத்தை மேலே படித்தீர்கள் அல்லவா, டிபி நிறைந்த ஊரில், கூட்டம் பிதுங்கும் லோக்கலில் தினமும் டோம்பிவிலியிலிருந்து வந்து போகிறவர் தன் எதிர்ப்பு சக்தியைத் தானே அடக்கிக்கொள்வது என்ன நியாயம்?

இதற்கு மனிதர்களிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2017இல் முடிந்த கேன்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து பிழைத்த 10,061 பேரில் ஒரு பகுதியினருக்கு இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை மட்டும் தடுக்கும் ஊசி போட்டார்கள். கொலஸ்ட்ரால் துளி கூட மாறவில்லை, ஆனாலும் மாரடைப்பும் பக்கவாதமும் 15 சதவீதம் குறைந்தன. அழற்சிதான் பாதி வில்லன் என்பது அன்று உறுதியானது. கூடவே, ஊசி போட்டவர்களில் தொற்று வந்து இறப்பது கூடியது, மொத்த இறப்புக் கணக்கில் வித்தியாசம் இல்லாமல் போனது. தீயை அணைக்கும்போது அடுப்பும் சேர்ந்து அணைந்துவிடுகிறது.

மெட்ஃபார்மின் சர்க்கரை உள்ளவருக்கு நல்ல மருந்து, மலிவானது. நோய் இல்லாத வயதானவர்கள் உடற்பயிற்சி செய்யும்போது அதைச் சாப்பிட்டால் பயிற்சியின் பலன் கொஞ்சம் மட்டுப்படுகிறது என்று 2019இல் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. என்எம்என் ரத்தத்தில் என்ஏடியை ஏற்றும், ஆயுளை ஏற்றியதாக மனிதரில் சான்று இல்லை. உங்கள் 38 வயதுக்கு அந்தப் பணத்தில் ஒரு ஜிம் சந்தா போதும்.

கேள்வி (முலுண்ட் வாசகி): ஏரோலியில் இரவு ஷிஃப்ட் வேலை. விடிந்து வந்து நாலு மணி நேரம்தான் தூங்குகிறேன். அடிக்கடி தொண்டை வலி. சம்பந்தம் உண்டா?

உண்டு. 2002இல் ஒரு சோதனையில், வாலிபர்களைத் தொடர்ந்து நாலு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள், பத்து நாள் கழித்துப் பார்த்தால் நன்றாகத் தூங்கியவர்களுக்கு வந்த எதிர்ப்புப் புரதத்தில் பாதி கூட வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பிடும் பிரியாணியின் சர்க்கரையை உடம்பு பகலைவிட மோசமாகத்தான் கையாளும். ஷிஃப்டை மாற்றச் சொல்வது எனக்கு எளிது, வீட்டு வாடகை உங்களுக்குத்தான் தெரியும். ஷிஃப்டுக்கு முன்னால் வீட்டில் நன்றாகச் சாப்பிடுங்கள், ராத்திரி சுண்டல், முட்டை, மோர் என்று லேசாக முடித்துக்கொள்ளுங்கள், கெட்டித் திரை போட்டுப் பகல் தூக்கத்தை ஆறேழு மணி நேரமாக்குங்கள். வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அவர் தூங்கும்போது குக்கர் வைக்காதீர்கள், தயவுசெய்து.

கேள்வி (சயான் கோலிவாடாவிலிருந்து 11ஆம் வகுப்பு மாணவி): மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்தது என்கிறார் எங்கள் டீச்சர். அப்படியென்றால் வெள்ளை அணு அதை ஏன் தாக்குவதில்லை? வெள்ளை அணு கிருமியைத் தின்னும் என்று முதலில் பார்த்தது யார்? என் பெயர் போட வேண்டாம்.

இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி உன்னுடையதுதான் கண்ணு. டீச்சர் சொன்னது சரி, 1967இல் லின் மார்குலிஸ் அதை வலுவாக எழுதினார். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ உண்டு, 37 மரபணுக்கள், வட்ட வடிவம், பாக்டீரியாவின் டிஎன்ஏ மாதிரியே. இரண்டு சவ்வுக்கு உள்ளே அந்த டிஎன்ஏ பத்திரமாக இருக்கும் வரை காவலுக்கு அது கண்ணில் படாது. பழுதாகி உடைந்து அந்த டிஎன்ஏ வெளியே கசிந்தால், பாக்டீரியா புகுந்துவிட்டது என்று நினைத்துச் செல் அலாரம் அடிக்கும். அதாவது தாக்கத்தான் செய்கிறது, நீ கேட்டது சரி. பெரிய விபத்தில் எலும்பு நொறுங்கிய சிலருக்குக் கிருமியே இல்லாமல் உடம்பு முழுக்க அழற்சி பற்றிக்கொள்வதற்கு, நொறுங்கிய திசுவிலிருந்து ரத்தத்தில் கொட்டிய மைட்டோகாண்ட்ரியா ஒரு காரணம். வாலிபத்தில் பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் தானே விழுங்கிச் செரித்துவிடும். இப்படிச் செல் தன்னையே தின்று சுத்தம் செய்வது எப்படி என்று கண்டதற்காக யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு வாங்கினார். வயதானால் இந்தச் சுத்தம் செய்யும் வேலை மந்தமாகும், கசிவு கூடும், மேலே டோம்பிவிலி வாசகருக்குச் சொன்ன கனலும் அழற்சிக்கு அதுவும் விறகு.

இரண்டாவது கேள்விக்கு, எலி மெட்ச்னிகோஃப். 1882இல் இத்தாலியின் மெசினாவில் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ஒரு முள்ளைக் குத்தி வைத்துவிட்டு, மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த முள்ளைச் சுற்றிச் செல்கள் கூட்டமாக வந்து மொய்த்திருந்தன. 1908இல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஒடெசாவில் அவரிடம் படித்த மாணவர் ஒருவர் பிளேக் காலத்தில் நம் ஊருக்கு வந்தார், பைகுல்லா கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன இடத்தில் உட்கார்ந்து தடுப்பூசி தயாரித்து 1897 ஜனவரி 10ஆம் தேதி முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். அவர் பெயர் வால்டெமார் ஹாஃப்கைன். அவருடைய பிளேக் ஆராய்ச்சிக் கூடம் 1899இல் பரேலின் பழைய கவர்னர் மாளிகைக்கு மாறியது, இன்றும் அவர் பெயரிலேயே அங்கே நிற்கிறது, உன் வீட்டிலிருந்து தூரமில்லை. டீச்சரிடம் சொல்லி வகுப்போடு ஒரு நாள் அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த கேள்வியை எழுது.